உடைந்ததைத் தட்டிப் பார்க்கிற உரிமை

சண்டாளர்கள் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும் என்று மநுநூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரின் முன்னிலையில் அந்த நூலை எரித்தார்கள். நூல் எரிந்தது. உடைந்த பாத்திரம் மட்டும் வேறு வேறு உருவத்தில் நம்ம தெருவுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. கால் ஒடிஞ்ச கட்டில், காயில் போன மின்விசிறி, முன்பக்கம் கிழிஞ்ச பாடப்புத்தகம், ஒயர் தெரியும் இஸ்திரிப் பெட்டி. "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று ஊர்த்தெருவில் கொடுப்பார்கள். வாங்குகிறவர் அங்கேயே அதைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திமிர். "குடுக்கறதே பெருசு, இதுல நோட்டம் வேறயா?" ஒயர் தெரியும் இஸ்திரிப் பெட்டியை வாங்கிவந்து ஷாக் அடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பழசைக் கொடுத்தார்கள் என்பதோடு நம் இழிவு நிற்கவில்லை. கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கும் உரிமையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கட்டுரை ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்களைப் பற்றியது. விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து எதை எடுத்து மறுபடி மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதைப் பற்றியது. சேரிக்கும் பொம்மை விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம பிள்ளைகள் இப்போது பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறார்கள். கல்வி உதவித்தொகையை நம்பி ஏரோநாட்டிகல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு என்ன பொருள் வருகிறது என்று பார்த்தால் சம்பந்தம் தெரியும்.

என் அக்கா மகன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அந்தப் படிப்பைத்தான் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. கல்லூரியில் விமானம் கட்டிப் பறக்கவிடும் மாணவர் குழு ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ஒன்று கட்டுவதற்கே மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, இறக்கை வால் மடல்களை அசைக்கும் நாலு சர்வோ, பேட்டரி, ரிசீவர், ரிமோட் என்று பத்தாயிரத்தை நெருங்கும். உடம்புக்குத் தெர்மோகோலோ, விளம்பரத் தட்டி செய்யும் சன்பேக் தகடோ போதும். அது மலிவு. உள்ளே போகிற பொருள்தான் விலை. கையில் காசுள்ள பிள்ளைகள் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கினார்கள். காசில்லாதவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார்கள். முந்தைய வருடங்களில் விழுந்து உடைந்த விமானங்களின் மிச்சம் அதில் கிடந்தது. "கிராஷ் பாக்ஸ்" என்று பெயர். "அதுல எடுத்துக்கங்கடா" என்றார் பொறுப்பாளர். அந்தப் பெட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் உதவித்தொகைப் பிள்ளைகள்.

அதிலிருந்து எடுத்த ப்ரொப்பெல்லர் ஒன்று, விமானம் தரையில் நிற்கும்போதே, வேகத்தைக் கூட்டியதும் உடைந்தது. ஒரு துண்டு வந்து அவன் புருவத்தில் வெட்டியது. நாலு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனிடம் கல்லூரியில் கேட்ட முதல் கேள்வி, "கண்ட பார்ட்டையெல்லாம் ஏண்டா போட்ட?" என்பது. பெட்டியைக் காட்டியவர்களே கேட்டார்கள்.

10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இது பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. சுற்றளவைச் சுற்றுகளால் பெருக்கினால் வந்துவிடும் கணக்கு. அந்த வேகத்தில் மயிரிழை விரிசலும் நகக்கீறல் அளவு வெட்டும் நிற்காது. ஆகவே விழுந்த விமானத்தின் ப்ரொப்பெல்லரை ஒட்டக்கூடாது, தேய்த்துச் சரிசெய்யக் கூடாது. விளிம்பில் வெட்டு இருந்தால், வளைத்துப் பார்க்கும்போது வெள்ளைக்கோடு தெரிந்தால், நடுவே அச்சுத்துளையைச் சுற்றிக் கீறல் இருந்தால், அதை இரண்டாக ஒடித்துத்தான் குப்பையில் போட வேண்டும். ஒடிக்காமல் போட்டால் இன்னொரு ஏழைப்பிள்ளை எடுத்து மாட்டுவான். நம்ம பையன் மாட்டியது அப்படி யாரோ ஒடிக்காமல் போட்ட ப்ரொப்பெல்லர்.

தையல் பிரித்த வாரம் அந்தப் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு கோணிப்பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தான். நான் தமிழ் படித்தவன், எனக்கு இதில் பயிற்சி கிடையாது. திண்டிவனத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் எங்கள் பங்காளி அண்ணனிடம் போனோம். அவர் எட்டாவதோடு நின்றவர். அவன் கொண்டுவந்த பாடப்புத்தகமும் அண்ணனின் கையும் சேர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், கீழே விழுந்த உடனே செய்ய வேண்டியது. ஓடிப்போய் விமானத்தைத் தூக்கக் கூடாது. மோட்டாருக்கு இன்னும் உயிர் இருக்கும். ரிமோட்டில் வேகத்தைப் பூச்சியத்துக்கு இழுத்துவிட்டு, பின்பக்கமாகப் போய், ப்ரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் கை வைக்காமல் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். புகையோ சூடோ இருந்தால் கிட்டவே போகக்கூடாது. பேட்டரியைக் காரிலோ பைக்குள்ளோ உடனே வைக்கக் கூடாது. வெறும் மண்தரையில், காய்ந்த புல் இல்லாத இடத்தில் தனியாக வைத்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே நசுங்கிய செல் அந்த நிமிஷமே எரியும் என்பதில்லை, நேரம் கழித்தும் எரியும்.

இதில் பேட்டரிதான் ஆபத்தான பொருள். லித்தியம் பாலிமர், சுருக்கமாக லிப்போ. மூன்று செல் சேர்ந்த கட்டு 11.1 வோல்ட். ஒவ்வொரு செல்லும் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். இரும்புக் கூடு கிடையாது, மெல்லிய உறைதான். விழுந்த வேகத்தில் உறையின் முனை மடங்கினாலும் உள்ளே அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். உப்பியிருக்கிறதா, இனிப்பான ரசாயன வாசனை வருகிறதா, ஒயர் சேரும் இடம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்களைத் தனித்தனியாக அளந்து, ஒரு செல் மட்டும் மற்றதைவிட இறங்கியிருந்தால், மறுநாள் இன்னும் இறங்கியிருந்தால், அந்தக் கட்டுக்கு முடிவு வந்துவிட்டது.

பெட்டியில் இருந்த ஒரு பேட்டரியைப் பையன் விடமாட்டேன் என்றான்.

"மாமா, ரெண்டாயிரம் ரூவா மாமா இது. லேசாத்தான உப்பியிருக்கு. ஒரு தடவ சார்ஜ் போட்டுப் பாக்கலாமே."

அண்ணன் தலைநிமிராமல் சொன்னார்: "உப்பிப்போச்சுன்னா பொணம்டா அது. பொணத்துக்கு எதுக்கு சார்ஜு?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் தூக்கிப்போடு என்பது இந்தத் தொழிலின் பொதுவிதி. காசுள்ளவனுக்கு அந்த விதி ஒரு போன் செய்து புதுசு வரவழைக்கும் வேலை. என் அக்காவுக்கோ அது பல நாள் களைவெட்டுக் கூலி. ஆகவே ஏழைப்பிள்ளை சந்தேகத்தைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறான். 'லேசாத்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறான். பிறகு விபத்து நடந்தால் அவனுடைய அஜாக்கிரதை என்று எழுதிவிடுகிறார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதைக் கடைப்பிடிக்க ஆகும் செலவு ஒன்றில்லை. இதைப் பேசாமல் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுப்பதில் பயன் இல்லை.

எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை என்பதும் உண்மை. முறையாகச் சோதித்தால் பாதிக்கு மேல் தேறும். அண்ணன் கடையில் ஒரு பலகை உண்டு. சீரீஸ் பல்புப் பலகை. சுற்றிய மோட்டாரை நேரடியாகக் கரண்ட்டில் கொடுக்காமல் நடுவே ஒரு பல்பைக் கோத்துக் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பொருள் பிழைக்கும். ரீவைண்டிங் கடைகளில் இருக்கும் இந்த வித்தையை அவர் அப்படியே 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை வைத்து ஈஎஸ்சிக்குச் செய்துகாட்டினார். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே பல்பு. இணைத்ததும் ஒரு மின்னு மின்னி அணைந்தால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட், அதை மாட்டக் கூடாது. இரண்டு ஈஎஸ்சி தேறின, ஒன்று போனது. வெளிநாட்டிலிருந்து இதே வேலைக்குத் தனிக்கருவி வருகிறது என்றான் பையன். "வரட்டும், பல்பு நம்ம கடையில இருக்கு" என்றார் அண்ணன்.

மோட்டாரில் தண்டு வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ப்ரொப்பெல்லர் இல்லாமல் மெதுவாக ஓட்டித் தண்டின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனி ஒரு புள்ளியாக நின்றால் சரி, சின்ன வட்டம் போட்டால் வளைந்தது. கையால் சுற்றும்போது நறநறவென்றால் பேரிங்கில் மண். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகளில் ஒன்று ஆடினாலும் அதை ஒதுக்க வேண்டும். சர்வோவின் பற்சக்கரம் நைலான். ஒரு பல் போனாலும் கையை மெதுவாகத் திருப்பும்போது ஓரிடத்தில் வழுக்கும். சோதித்துத் தேறிய சர்வோவைக்கூட, மூக்கைத் தூக்கி இறக்குகிற வால் மடலுக்குப் போடாமல் இறக்கை மடலுக்குப் போடுவது நல்லது. வால் மடல் போனால் விமானமே போகும். ரிசீவரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவின் நுனியில் உறையில்லாமல் தெரிகிற பகுதி சுமார் 31 மில்லிமீட்டர். அது வெட்டுப்பட்டால் பக்கத்தில் வேலை செய்யும், தூரத்தில் கைவிட்டுவிடும். வீட்டுக்குள் வைத்துப் பார்த்து 'ஓடுது' என்று நம்பக் கூடாது. வெளியில், ரிமோட்டின் சக்தியைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு, தப்படி வைத்துப் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானே நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கார்பன் குழாய் விஷயத்தில்தான் எனக்குத் தாத்தா நினைவு வந்தார். இறக்கைக்குள் எலும்பு மாதிரி ஓடுகிற கறுப்புக் குழாய் அது. மேலே பளபளவென்றிருக்கும், உள்ளே இழை பிரிந்திருக்கும். நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டிக் டிக்'கென்று தெளிவாகக் கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகப் பேசும். பெரிய விமானங்களின் உடம்பையும் இப்படித் தட்டிச் சோதிக்கும் முறை உண்டு என்று பையன் புத்தகத்தில் காட்டினான். எங்கள் தாத்தா பறை கட்டுகிறவர். மூன்று துண்டு மரத்தைச் சேர்த்த சட்டத்தில் எந்தப் பொருத்து தளர்ந்திருக்கிறது என்பதைத் தட்டிக் கேட்டே சொல்வார். தீயில் காய்ச்சும்போது தோல் எப்போது போதும் என்பதும் காதுக்குத்தான் தெரியும். பறையை விட்டொழிக்க வேண்டும் என்று போராடிய சேரிகள் உண்டு. அதைக் கலகத்தின் கருவியாகத் தூக்கியவர்களும் உண்டு. அந்த வாதத்தை இங்கே தீர்க்க நான் வரவில்லை. தாத்தாவின் காதுக்குள் இருந்தது ஒரு சோதனை அறிவு. சாவுக்கு அடிப்பவன் என்று ஒதுக்கியவர்கள் அந்த அறிவுக்குப் பெயர் வைக்கவில்லை, பாடத்திட்டத்திலும் சேர்க்கவில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் அதே காதோடு கார்பன் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான். உடைந்த குழாயை அறுக்கும்போது மட்டும் முகத்துக்குத் துணியும் கைக்கு உறையும் வேண்டும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது, சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

ஒட்டுவதிலும் கணக்குண்டு. தெர்மோகோல் உடம்பை எப்பாக்சி வைத்து, உள்ளே மூங்கில் குச்சி சொருகி ஒட்டலாம். ஒட்டியது பழைய பலத்துக்கு வரும். பசையின் எடை வால்பக்கம் சேர்ந்தால் விமானம் பின்கனத்துப் போகும். பொதுவாக இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் பிறகு இதைப் பார்க்காமல் பறக்கவிட்டால் அடுத்த விழுகை நிச்சயம்.

பழுதுபார்த்துப் பறப்பது ஏதோ தரித்திரத்தின் வேலை என்று கல்லூரியில் ஒரு இளக்காரம் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903 நவம்பரில் அவர்களுடைய விமானத்தின் ப்ரொப்பெல்லர் தண்டில் விரிசல் தெரிந்தது. அதை வைத்துச் சமாளிக்காமல் ஆர்வில் கிட்டி ஹாக்கிலிருந்து டேட்டன் வரைக்கும் திரும்பிப்போய்ப் புது எஃகுத் தண்டுகள் செய்துகொண்டு டிசம்பரில் வந்தார். டிசம்பர் 14ஆம் தேதி வில்பர் ஓட்டியபோது விமானம் சில நொடிகளில் மணலில் இறங்கிச் சேதப்பட்டது. பழுதுபார்த்து 17ஆம் தேதி 12 நொடி பறந்தார்கள். அன்றே நாலாவது தடவை 59 நொடி. உலகம் கொண்டாடும் முதல் பறத்தல், மூன்று நாள் முன்னால் அடிபட்டுப் பழுதுபார்த்த விமானத்தில்தான் நடந்தது. அவர்களுக்கு விரிசலைப் பார்க்கவும், இது ஆகாது என்று சொல்லவும், திரும்பிப்போய்ப் புதுசு செய்யவும் வாய்ப்பு இருந்தது. நம்ம பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் வேண்டும்.

இனி சொல்லப்போவது இதைவிட முக்கியம். அதே கல்லூரியில், பையன் புருவத்தில் தையல் போட்ட அதே பருவத்தில், வேறொரு மாணவர் உப்பிய பேட்டரியை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார். புதுசு வாங்கக் காசுள்ளவர். அவரைப் பொறுத்தவரை பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்துவிட்டார். மறுநாள் காலை குப்பை அள்ளவந்த ஒப்பந்தத் தொழிலாளி, பக்கத்துச் சேரி அக்கா, கோணியில் குப்பையை அமுக்கும்போது அது நசுங்கிப் பற்றிக்கொண்டது. உள்ளங்கையும் மூன்று விரலும் வெந்துபோயின. "குப்பையில் தீ" என்று இரண்டு வார்த்தையில் பதிவு செய்தார்கள். எதனால் தீ என்று யாரும் எழுதவில்லை. எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை, எட்டு நாள் கூலி இல்லை. "என்னா சாமான்னு தெரிஞ்சா நான் ஏந்தம்பி கைய வெக்கறேன்?" என்று எங்களிடம் கேட்டார்.

தூக்கிப்போடு என்று சொல்லும் நிபுணர்கள், போடுகிற இடத்தில் யாருடைய கை இருக்கிறது என்று யோசிப்பதில்லை. இந்த நாட்டில் அது எந்தச் சாதியின் கை என்பதைச் சொல்லவேண்டியதே இல்லை. கழிந்த பேட்டரியை வீட்டுக்குப்பையோடு கலக்கக் கூடாது, தனியாக ஒப்படைக்க வேண்டும் என்று 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஒப்படைக்கும் முன்னால் அதைச் சாகடிக்க வேண்டும். உறை கிழியாத பேட்டரி என்றால் திறந்த வெளியில், மணல்மேல் வைத்து, 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை இணைத்துவிட்டு, வெளிச்சம் அணைந்த பிறகும் பல நேரம் அப்படியே விட்டு, அளந்து பூச்சியம் வந்ததும் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்ற வேண்டும். குத்துப்பட்டது, கிழிந்தது என்றால் இணைக்கவே கூடாது. மணல் போட்ட தகரப்பெட்டியில், காற்று வெளியேற இடம் விட்டு, கட்டிடத்துக்கு வெளியே வைத்து, சேகரிப்பவரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். உப்புத்தண்ணீரில் போட்டால் போதும் என்பார்கள். அதை நம்ப முடியாது. முனைகள் முதலில் அரித்துப்போனால் உள்ளே மின்சாரம் அப்படியே நிற்கும்.

கல்லூரிக்கு ஒரு கோரிக்கை மனு கொடுத்தோம். கிராஷ் பாக்ஸை எடுத்துவிட்டு மூன்று பெட்டி வைக்க வேண்டும்: சோதிக்காதது, சோதித்துத் தேறியது, செத்தது. சோதிக்காத பெட்டியிலிருந்து எந்த மாணவரும் எடுத்து மாட்டக் கூடாது. மல்டிமீட்டர், செல் அளக்கும் கருவி, பூதக்கண்ணாடி, எடைத்தராசு, பல்புப் பலகை ஆகியவை பொதுவில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு புது பேட்டரி விலைகூட ஆகாது. ப்ரொப்பெல்லரும் பேட்டரியும் எந்த மாணவருக்கும் பழசாகக் கொடுக்கக் கூடாது, கல்லூரியே புதுசு தர வேண்டும். துப்புரவுத் தொழிலாளிகளுக்கு லிப்போ பேட்டரி எப்படி இருக்கும் என்று காட்டிச் சொல்ல வேண்டும். அந்த அக்காவுக்கு எட்டு நாள் கூலியும் நஷ்டஈடும் தர வேண்டும்.

மருந்துச் செலவை ஒப்பந்தக்காரர் கொடுத்தார். கூலி கொடுக்கவில்லை. மனுவுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. மூன்று பெட்டியைப் பிள்ளைகளே வைத்துவிட்டார்கள். மூன்றாவது பெட்டி தகரம், கட்டிடத்துக்கு வெளியே, மணலோடு. அக்காவின் கூலிக்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் தனியாக மனு போட்டிருக்கிறோம். அடுத்த மாதம் இன்னும் இரண்டு கல்லூரிகளின் விடுதிப் பிள்ளைகளோடு உட்காரப்போகிறோம். அண்ணன் கடையை ஒருநாள் பூட்டிவிட்டு பல்புப் பலகையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.